சாம்பல் ஜாடி

அந்த ஜாடியைக் கண்டாலே ஜெயமணியின் அம்மா முனியாயிக்கு ஆகாது.

உடைத்துப் போடவும் மாட்டாள், நல்ல இடத்தில் எடுத்து வைக்கவும் மாட்டாள். அடுப்பு மூலையில் வைத்து, பாத்திரம் தேய்க்கிற சாம்பலை அதில் கொட்டி வைத்திருந்தாள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் மற்ற வீடுகளில் சாம்பலுக்குப் பழைய பால் டின்தான். முனியாயி வீட்டில் மட்டும் சாம்பலுக்கு ஜப்பானிலிருந்து வந்த ஜாடி! கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். முனியாயிக்கு வராது.

மலாயாவில், பெம்பானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம் அது. ஜப்பான்காரர்கள் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் தோட்டத்து பங்களாவில் ஒரு ஜப்பான்காரர் இருந்தார். முனியாயி அங்கே கூட்டிப் பெருக்கப் போவாள். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமென்று, ஜெயமணியின் அப்பா சுப்பனை லாரியில் ஏற்றி அனுப்பியவரும் அந்த ஜப்பான்காரர்தான். அப்போது ஜெயமணி கைக்குழந்தை. சண்டை முடிந்தது. ஜப்பான்காரர்கள் போய்விட்டார்கள். சுப்பன் திரும்பி வரவில்லை.

“போற அன்னைக்கு அந்த ஆளு இதை என் கையில குடுத்தான்” என்று அம்மா ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். “அவன் அப்பன் கையாலே செஞ்சதாம். ‘ஆபு, ஆப்பி’ன்னு மலாய்ல என்னமோ சொன்னான். அதாவது சாம்பலு, நெருப்பு. சூளையில வெறகுச் சாம்பல் பறந்து வந்து ஜாடி மேல விழுந்து, அந்தச் சூட்டுல உருகிக் கண்ணாடி மாதிரி ஆயிடுமாம்.”

“சாம்பல் உருகுமாம்மா?”

“நம்ம அடுப்புல எந்தக் காலத்துல உருகிச்சு? எங்க வூட்டு மனுசனை எடுத்துக்கிட்டு, அவங்க வூட்டுச் சட்டியைக் குடுத்துட்டுப் போனான் பாரு, அதைச் சொல்லு.”

“அப்போ ஒடைச்சிருக்கலாம்ல?”

அம்மா விறகை அடுப்புக்குள் தள்ளினாள். பிறகு, “யாரோ ஒரு கெழவன் உக்காந்து செஞ்சிருக்கான். அவன் என்ன பண்ணான் பாவம்” என்றாள்.

அதன் பிறகு அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஜெயமணிக்கு இப்போது பத்து வயது. நாட்டில் மறுபடியும் நல்ல காலம் இல்லை. காட்டுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் மறைந்திருந்தார்கள். அவர்களுக்கும் அரசாங்கத்துக்கும் சண்டை. அதை எல்லாரும் அவசரகாலம் என்றார்கள். லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டாயிற்று. கேட்டில் மாத்தா, அதுதான் போலீஸ், போகிற வருகிற எல்லாரையும் தடவிப் பார்த்தார்கள். அரிசி அளந்துதான் கொடுக்கப்பட்டது. ஆக்காத பச்சை அரிசி ஒரு பிடிகூட வேலியைத் தாண்டக் கூடாது. காட்டு ஆட்களுக்கு அரிசி கொடுத்தவர்களை லாரியில் ஏற்றி ஜாசின் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து சிலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிட்டதாகவும் பேச்சு இருந்தது.

கெட்ட காலமானாலும் ஆடி மாதம் வராமல் இருக்குமா? ஆடியில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கஞ்சி காய்ச்சுவார்கள். அதற்காக ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை அம்மன் பேரைச் சொல்லித் தனியே எடுத்து வைப்பது வழக்கம். அதுதான் பிடி அரிசி. அம்மன் பேரைச் சொல்லி எடுத்துவிட்டால், அதை வீட்டு அடுப்பில் ஏற்றக் கூடாது.

முனியாயி வீட்டில் மட்டும் பிடி அரிசி எடுப்பதில்லை. “என் வூட்டுக்காரரைக் காப்பாத்தாத சாமிக்கு நான் ஏன் அரிசி குடுக்கணும்?” என்பாள்.

ஜெயமணிக்கு அது பொறுக்கவில்லை. போன ஆடியில் எல்லாரும் அரிசியைக் கொட்டிவிட்டுக் கஞ்சி வாங்கினார்கள். அவள் சும்மா போய் நின்று வாங்கிக் குடித்தாள். குடித்து முடிக்கும் வரை தலையை நிமிர்த்தவே இல்லை. அது மட்டுமில்லை, அவளுக்கு ஒரு பெரிய வேண்டுதல் இருந்தது. கொடுக்காமல் எப்படிக் கேட்பது?

அம்மா விடியும் முன்பே பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போய்விடுவாள். சோறு ஆக்குவது ஜெயமணிதான். தினமும் ஒரு பிடி எடுத்தாள். அம்மா பங்கில் கை வைக்கவில்லை, தன் பங்கிலிருந்துதான் எடுத்தாள். சாப்பிடும்போது, “எனக்குப் பசிக்கலம்மா” என்று கொஞ்சமாகப் போட்டுக்கொண்டாள்.

“இப்படிக் கொறிச்சா காத்துல பறந்துடுவே” என்று அம்மா திட்டினாள்.

எடுத்த அரிசியை எங்கே வைப்பது? அடுப்பு மூலையில் இருந்த ஜாடியைப் பார்த்தாள். வயிறு பெரியது, கழுத்து குறுகலானது. எலியும் புகாது, அம்மா கையும் புகாது. சாம்பலை ஒரு பால் டின்னுக்கு மாற்றினாள். ஜாடியைக் குழாயடிக்குத் தூக்கிப்போய்த் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாள்.

தேய்க்கத் தேய்க்க அவளுக்கு ஆச்சரியமாகிவிட்டது. அம்மா சொன்னதெல்லாம் உண்மைதான்! ஜாடியின் ஒரு பக்கம் செங்கல் மாதிரி சொரசொரப்பாக இருந்தது. மறு பக்கம் தோளிலிருந்து பச்சையாக ஏதோ வழிந்து, பாதி வழியில் ஒரு சொட்டாக நின்றுவிட்டிருந்தது. தொட்டால் கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. அடியில் ஒரு கட்டைவிரல் அழுந்திய பள்ளம். அந்தப் பள்ளத்தில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். பெரிய விரலாக இருந்திருக்க வேண்டும்.

ஒரு மஞ்சள் துணியில் ஒரு விரலி மஞ்சளையும் சதுரமான ஒரு காசையும் வைத்து முடிந்து, முதலில் அதைப் போட்டாள். அதன் மேல் முதல் பிடி அரிசியைப் போட்டாள். ஜாடியை விறகுக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

“எங்கடி அந்தச் சனியன்?” என்று அம்மா கேட்டாள்.

“வெறகுக்குப் பின்னாடி வச்சிட்டேன்மா.”

“அங்கேயே கெடக்கட்டும்” என்றாள் அம்மா. அவளுக்கு நிம்மதிதான்.

ஆடி நெருங்கியது. ஒரு சாயங்காலம் தோட்டத்துக் கிராணி சாமிநாதன் லயத்துக்கு வந்தார். ஆபீசில் கணக்கு எழுதுகிறவர் அவர். கேட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“நாளைக்கு வூடு வூடா செக் பண்ணப் போறாங்க. பிடி அரிசி சேத்து வச்சிருந்தா இன்னைக்கே ஆக்கித் தின்னுடுங்க லா. அம்மன் மன்னிப்பா, மாத்தா மன்னிக்க மாட்டான்.”

எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சூடம் கொளுத்தி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அரிசியை உலையில் போட்டார்கள். ஜெயமணிக்கு மனசு வரவில்லை. மற்றவர்களுடையது வெறும் பிடி அரிசி. அவளுடையதில் வேண்டுதல் இருந்தது. அதைத் தின்றால் வேண்டுதல் போய்விடும் என்று பயந்தாள்.

இருட்டுகிற நேரத்தில் ஜாடியைத் தூக்கிக்கொண்டு லயத்தின் பின்னால் போனாள். வாழைப் புதருக்குள் வைத்து, காய்ந்த வாழை மட்டையால் மூடினாள். வீட்டில் இருந்தால்தானே பிடிப்பார்கள்? அப்படித்தான் நினைத்தாள். வாழைப் புதர் முள்கம்பி வேலியை ஒட்டி இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, ஆட்கள் வந்து நின்றபோது, அங்கே போலீஸ் லாரியும் நின்றது. ஒரு வெள்ளைக்கார போலீஸ் துரை வந்திருந்தார். அவர் பக்கத்தில் மலாய்க்காரர் ஒருவர், கார்ப்ரல் யூசோப், கையில் ஜாடியோடு நின்றார்.

“வேலி ஓரத்துல இருந்திருக்கு. உள்ளே அரிசி. காட்டு ஆளுங்க கையை நீட்டுனா எடுத்துக்கலாம்” என்று கிராணி தமிழில் சொன்னார். “இது யாரோடதுன்னு துரை கேக்குறாரு.”

கண்கள் எல்லாம் முனியாயியின் பக்கம் திரும்பின. அந்தத் தோட்டத்தில் அப்படி ஒரு ஜாடி ஒன்றுதானே இருந்தது!

போலீஸ் லாரியைப் பார்த்து ஓடி வந்திருந்த ஜெயமணி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“என்னோடதுதான்” என்றாள் அம்மா. “நான்தான் வச்சேன். வேற யாருக்கும் தெரியாது.”

“அம்மா!”

“வாயை மூடிக்கிட்டு வூட்டுக்குப் போ!”

இரண்டு மாத்தாக்கள் அம்மாவை லாரியில் ஏற்றினார்கள். பக்கத்து வீட்டு தங்கையா மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சயாமிலிருந்து உயிரோடு திரும்பி வந்தவர். என்ன காரணமோ, ஜெயமணியைப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொள்வார். இன்று லாரியைப் பார்க்கவும் அவரால் முடியவில்லை.

லாரி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. அப்பாவையும் ஒரு லாரிதான் கொண்டுபோனது என்பது ஜெயமணிக்கு நினைவு வந்தது. அந்த நினைவுதான் அவள் காலை ஓட வைத்தது.

துரை எதிரே இருந்த ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஜாடி அவர் முன்னால் மேசை மேல் இருந்தது. ஜெயமணி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

“கிராணி ஐயா, அது எங்கம்மாவோடது இல்ல! நான்தான் வச்சேன். அம்மனுக்கு வேண்டிக்கிட்டு என் பங்குல இருந்து எடுத்தது. அம்மாவுக்கு ஒன்னுமே தெரியாது. துரைகிட்ட சொல்லுங்க ஐயா!”

கிராணி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். துரையிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். இவள் சொன்னது ஒரு கூடை. அவர் வாயிலிருந்து வந்தது நாலே வார்த்தை. துரை தலையை ஆட்டிவிட்டு லாரிப் பக்கம் கையைக் காட்டினார்.

கிராணி பயப்படுகிறார் என்று ஜெயமணிக்குப் புரிந்தது. பிடி அரிசியைப் பற்றிச் சொன்னால், தோட்டம் முழுக்க அரிசி சேர்த்தது வெளியே வந்துவிடும். ‘உனக்குத் தெரியாதா?’ என்று அவரையும் லாரியில் ஏற்றிவிட்டால்?

அவள் கார்ப்ரல் பக்கம் திரும்பினாள். அவளுக்குக் கடைத்தெரு மலாய் நன்றாக வரும்.

“பாக்சிக், இத்து சாயா புன்யா” என்றாள். மாமா, அது என்னோடது.

கார்ப்ரல் யூசோப் குனிந்து அவளைப் பார்த்தார். அவள் மலாயிலேயே சொன்னாள். சாமிக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பது எங்கள் கோயில் வழக்கம். இனிமேல் கூடாது என்று கிராணி ஐயா லயத்துக்கே வந்து சொன்னார். எல்லாரும் கேட்டார்கள். நான் ஒருத்திதான் கேட்கவில்லை.

அதைக் கேட்டதும் கிராணியின் முகத்தில் போன உயிர் திரும்பி வந்தது. “ஆமா, நான் சொன்னேன்! நானே போய்ச் சொன்னேன்!” என்று இங்கிலீஷிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். இந்த முறை துரைக்கு எல்லாவற்றையும் விவரமாக எடுத்துச் சொன்னார்.

துரை உதட்டைப் பிதுக்கினார். கிராணி அதைத் தமிழில் சொன்னார்: “அம்மாவைக் காப்பாத்த எந்தப் புள்ளையும் இப்படித்தான் சொல்லும்னு சொல்றாரு.”

கார்ப்ரல் ஜாடியை ஒரு துணி மேல் கவிழ்த்தார். அரிசி சரசரவென்று கொட்டியது. கடைசியில் ஜாடியை ஆட்டியபோது உள்ளே ‘டொக்’ என்று ஏதோ இடித்தது. வெளியே வரவில்லை. துரை சட்டென்று எழுந்தார்.

“தோட்டாவா இருக்கும்னு சொல்றாரு. ஜாடியை ஒடைக்கச் சொல்றாரு” என்றார் கிராணி.

கார்ப்ரல் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தார்.

“ஒடைக்காதீங்க!” என்று ஜெயமணி கத்தினாள். “பாக்சிக், முதல்ல எங்கம்மாகிட்ட போய்க் கேளுங்க. உள்ளே என்ன இருக்குன்னு கேளுங்க. அவங்க வச்சதுன்னா அவங்களுக்குத் தெரியுமில்ல?”

கார்ப்ரல் துரையைப் பார்த்தார். கிராணி அவள் சொன்னதை இங்கிலீஷில் சொல்ல, துரை சரி என்றார். கார்ப்ரல் லாரிக்குப் போனார். திரும்பி வந்து மலாயில் சொன்னார்: “அரிசிதானாம். வேற ஒன்னும் இல்லையாம்.”

“உள்ளே ஒரு மஞ்சத்துணி இருக்கு” என்றாள் ஜெயமணி. “அதுல ஒரு விரலி மஞ்சளும் ஒரு காசும் முடிஞ்சு வச்சிருக்கேன். என் கை மட்டுந்தான் உள்ளே போகும்.”

விரல்களை ஒன்றாகக் குவித்து ஜாடிக்குள் கையை விட்டாள். முழங்கை வரை போனது. துணி கிடைத்தது. பிடித்து இழுத்தால் கை கழுத்தில் மாட்டிக்கொண்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பிடியை விட்டு, முடிச்சின் நுனியை இரண்டு விரல்களால் மட்டும் கவ்வி, மெல்ல மெல்ல இழுத்தாள். மஞ்சள் குறுக்கே கிடந்தது நேராகித் திரும்பியது. முடிச்சு வெளியே வந்தது.

துரை அதை அவிழ்த்தார். ஒரு மஞ்சள், ஒரு சதுரக் காசு. அவ்வளவுதான்.

கார்ப்ரல் அந்த முடிச்சைப் பார்க்கவில்லை. ஜாடிக்குள் போய் வந்த அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குச்சி போல் இருந்தது.

“இவ்வளவும் உன் பங்கா?” என்று மலாயில் மெதுவாகக் கேட்டார். அவள் தலையாட்டினாள்.

“என்ன வேண்டுதல்?” என்று துரை கேட்கச் சொன்னார்.

“எங்கப்பா சயாம்ல இருந்து திரும்பி வரணும்னு” என்றாள் ஜெயமணி.

கிராணி உடனே மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. சயாம் என்ற சொல் துரைக்குப் புரிந்துவிட்டது. ஜப்பான்காரர்களிடம் பிடிபட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களும் அந்த ரயில் பாதையில்தான் செத்தார்கள். அவர் ஜாடியின் அடியில் இருந்த கட்டைவிரல் பள்ளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு லாரியை நிறுத்தச் சொன்னார்.

“அம்மாவை விட்டுடுறேங்கிறாரு” என்றார் கிராணி. “ஆனா அரிசியைத் திருப்பிக் குடுக்க முடியாதாம். பச்சை அரிசி மறுபடியும் வேலிக்குப் போயிடுமாம்.”

ஜெயமணிக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு யோசித்தாள். கேட்டில் பச்சை அரிசியைப் பிடுங்குவார்கள், ஆக்கிய சோற்றைப் பிடுங்குவதில்லை. ஏன்?

“ஐயா, ஆக்கிட்டா யாரும் காட்டுக்குக் கொண்டுபோக முடியாதுல்ல? ஒரே நாள்ல ஊசிப் போயிடும். இப்பவே கோயில்ல கஞ்சி காய்ச்சிடறோம். வேணும்னா ஒருத்தரைக் காவல் வைக்கச் சொல்லுங்க.”

கிராணி சொன்னார். துரை கார்ப்ரலைப் பார்த்தார். கார்ப்ரல் சிரிப்பை மீசைக்குள் மறைத்துக்கொண்டார்.

அம்மா லாரியிலிருந்து இறங்கினாள். நேராக லயத்துப் பக்கம் நடந்தாள். ஜெயமணி வெறும் ஜாடியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். ரப்பர் மரங்களுக்கு நடுவே வந்ததும் அம்மா நின்றாள். ஜெயமணியின் கையைப் பிடித்து, மணிக்கட்டைத் தன் விரல்களால் சுற்றி அளந்து பார்த்தாள்.

“பசிக்கலன்னு சொன்னியேடி” என்றாள். “வேண்டுதல் என்னான்னு கார்ப்ரல் வந்து சொன்னாரு.”

“அப்பா வருவாரும்மா. அரிசி முழுசா சாமிக்குத்தானே போகுது.”

“வரமாட்டாரு ஜெயமணி.”

ரப்பர் காய்கள் எங்கோ படபடவென்று வெடித்தன.

“தங்கையா அண்ணன் மடியிலதான் அவரு உசுரு போச்சு. அவருதான் அங்கேயே பொதைச்சுட்டு வந்தாரு. நீ சின்னப் புள்ள, அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னே தெரியல.”

தங்கையா மாமா ஏன் தலையைக் குனிந்துகொள்கிறார் என்பது இப்போது விளங்கியது. ஜெயமணி ஜாடியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அம்மா அவளைத் தடுக்கவில்லை. தானும் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை வருடம் அழாமல் வைத்திருந்ததை அழுது தீர்த்தாள்.

“அப்போ என் வேண்டுதல்?” என்று ஜெயமணி தேம்பினாள்.

அம்மா முந்தானையால் மகளின் மூக்கைத் துடைத்தாள். “லாரியில போனவங்க திரும்பி வரணும்னுதானே வேண்டிக்கிட்டே? நான் வந்துட்டேன்ல?”

கோயில் வாசலில் அடுப்பு மூட்டினார்கள். தங்கையா மாமா பெரிய அண்டாவில் கஞ்சியைக் கிண்டினார். கார்ப்ரல் யூசோப் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து, மடியில் துப்பாக்கியோடு கஞ்சிக்குக் காவல் இருந்தார். “கஞ்சி தப்பி ஓடிடாம பாத்துக்குங்க கார்ப்ரல்” என்று யாரோ சொல்ல, அன்று முதன்முதலாகச் சிலர் சிரித்தார்கள். வேலி அப்படியேதான் இருந்தது. கேட்டில் மாத்தா நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

முனியாயி கோயிலுக்கு வந்து பல வருடம் ஆகியிருந்தது. ஜாடியைக் கழுவி, தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு கொத்து வேப்பிலையைச் சொருகி அம்மன் முன்னால் வைத்தாள். பச்சை வழிந்த பக்கத்தை முன்னால் திருப்பி வைத்தாள். மஞ்சள் முடிச்சை அதன் அருகில் வைத்தாள்.

“பூ வைக்கிற ஜாடிதான் போல” என்றாள். “இத்தனை நாளும் அதுல சாம்பலைக் கொட்டி வச்சிருந்தேன்.”

பிறகு அகப்பையை வாங்கி, மகளின் தட்டில் கஞ்சியை வழிய வழிய ஊற்றி, எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அன்று ஜெயமணி ஒரு பிடிகூடக் குறைக்காமல் சாப்பிட்டாள்.